அணுவின் அடிச்சுவடு கண்ட அறிஞர் ஹெவெசி

ஒரு குடும்பத் தலைவி நாளுக்கு நாள் மெலிந்து வருகிறார். உணவிற் குறைவில்லை, பசியோ முன்னினும் மிகுதி. இரவில் உறக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது; காப்பித் தம்ளரை எடுக்கும் கை நடுங்குகிறது; குளிர் நாளிலும் வியர்க்கிறது. ஊர் மாறி வந்து வாழும் நாம் இதனைப் புது ஊர்த் தண்ணீரின் குற்றம் என்போம். பிள்ளைகளைப் பற்றிய கவலை என்போம். குற்றம் தண்ணீரிலும் இல்லை, கவலையிலும் இல்லை. கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு என்னும் சிறு சுரப்பி அளவு கடந்து உழைப்பதே காரணமாக இருக்கக் கூடும். இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டிக் கொடுத்த பின், மருத்துவர் சுரப்பியைக் கதிரியக்கப் படம் எடுத்துவரச் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீடே அஞ்சுகிறது.

அந்த அச்சத்தைப் போக்க, அப்படத்திற்கு அடிப்படையான உண்மையைக் கண்ட ஒரு பேரறிஞரின் வாழ்க்கையை இம்மலரிற் கூற விழைகிறோம். அவர் ஜியார்ஜ் டி ஹெவெசி. பிறந்த ஊரை விட்டு ஊர் ஊராய்ச் சென்று வாழ்ந்தவர் என்ற முறையிலும் அவர் நமக்கு நெருக்கமானவரே.

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், யூத மரபில் வந்த செல்வக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். ஜெர்மனியில் பிரைபர்க் பல்கலைக் கழகத்தில் 1908இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் சூரிக்கிலும் கார்ல்ஸ்ரூவிலும் பயின்று, 1911இல் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் ரதர்போர்டு பெருமகனாரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார்.

அங்கே அவருக்கு ஒரு கடுமையான பணி தரப்பட்டது. ரேடியம் டி என்னும் கதிரியக்கப் பொருள் பெருமளவு ஈயத்துடன் கலந்து கிடந்தது. ஈயத்தினின்று அதனைப் பிரித்தெடுக்க வேண்டும். வேதியியல் அறிந்த வழிகள் அனைத்தையும் ஹெவெசி கையாண்டார். ஒன்றும் பலிக்கவில்லை. பலியாததற்குக் காரணம் பின்னரே விளங்கிற்று. ரேடியம் டி என்பதும் ஈயமே. எடையில் மாறுபட்டு, கதிர் வீசும் இயல்பு பெற்ற ஈயம். தம்பியையும் அண்ணனையும் வேறு குலத்தார் என்று கருதிப் பிரிக்க முயன்றது போன்ற முயற்சி அது.

வேறொருவராயின் சோர்ந்திருப்பார். ஹெவெசியோ அத்தோல்வியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிரிக்க முடியாத அளவு ஒன்றியவை என்றால், கதிர் வீசும் ஈயத்திற் சிறிதளவை வெற்று ஈயத்துடன் கலந்துவிட்டால், ஈயம் செல்லும் இடமெல்லாம் அதுவும் உடன் செல்லுமன்றோ? அதன் கதிரைக் கருவியால் அளந்து, ஈயம் சென்ற வழியை அறியலாமன்றோ? சுவடறியும் முறை பிறந்தது இவ்வாறுதான். 1913இல் வியன்னா நகரில் பானெத் என்னும் நண்பருடன் சேர்ந்து அதனை நிறுவிக் காட்டினார்.

அவருடைய மாஞ்செஸ்டர் வாழ்வைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. விடுதித் தலைவி பழைய மிச்ச உணவையே மீண்டும் சமைத்துப் படைக்கிறார் என்று அவர் ஐயுற்றார், அம்மையார் மறுத்தார். ஒரு நாள் உண்டு மிஞ்சிய பண்டத்திற் சிறிதளவு கதிரியக்கப் பொருளை அவர் இட்டு வைத்தார். சில நாள் கழித்துப் பரிமாறிய உணவைக் கருவியால் சோதித்தார், உண்மை வெளிப்பட்டது. வீட்டை விட்டு வந்து விடுதிச் சோறு உண்ட நம் இளைஞர்கள் இக்கதையின் சுவையை நன்கு உணர்வர். கதை எளிது, ஆனால் அதில் அடங்கிய கருத்தே இன்று மருத்துவமனைதோறும் வழங்குகிறது.

முதல் உலகப் போருக்குப் பின், 1920இல் ஹெவெசி கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் போரிடம் சேர்ந்தார். காஸ்டர் என்னும் அறிஞருடன் கூடி, 1923இல் 72ஆம் தனிமமாகிய ஹாப்னியத்தைக் கண்டறிந்தார். கோபன்ஹேகனின் இலத்தீனப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் அவரைச் செடி ஒன்று ஈர்த்தது. அவரைச் செடியின் வேர் உறிஞ்சும் ஈயம் எங்கெங்குச் செல்கிறது என்பதைச் சுவடறியும் முறையால் அளந்தார். உயிருள்ள பொருளில் அம்முறை முதன்முதற் புகுந்தது அன்றுதான்.

1926இல் பிரைபர்க்கிற் பேராசிரியரானார். ஹிட்லரின் ஆட்சி வந்தபின் அங்கு இருக்க ஒண்ணாது, 1934இல் மீண்டும் கோபன்ஹேகன் சென்றார். கன நீரைச் சுவடாகக் கொண்டு, மனிதர் பருகும் நீர் உடலிற் சராசரியாக ஏறத்தாழ 13 நாள் தங்குகிறது என்று கண்டார். 1935இல் கதிர் வீசும் பாஸ்பரசை எலிகளுக்கு ஊட்டி, கல் போன்ற எலும்பும் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது என்பதைக் காட்டினார்.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனிற் புகுந்தது. லாவே, பிராங்க் ஆகிய இருவரின் நோபல் தங்கப் பதக்கங்கள் போரின் நிலையத்தில் இருந்தன. அக்காலத்தில் ஜெர்மனியினின்று தங்கத்தை வெளியே அனுப்புவது பெருங்குற்றம். பதக்கங்களிலோ உரியவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஹெவெசி அவற்றை இராச திராவகத்திற் கரைத்துவிட்டார். தேடி வந்தோர் கண்ணுக்கு அது அலமாரியில் இருந்த ஒரு குப்பி மட்டுமே. போர் முடிந்தபின் அதே தங்கம் பிரித்தெடுக்கப்பெற்று, மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

1943இல் அவர் சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். அவ்வாண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு, சுவடறியும் முறைக்காக, 1944இல் அவருக்கு வழங்கப்பட்டது. 1966 ஜூலை 5ஆம் நாள் பிரைபர்க்கில் மறைந்தார்.

தைராய்டை முதலில் ஆராய்ந்தவர் ஹெவெசி அல்லர். உடலில் அயோடினை விரும்பித் திரட்டிக் கொள்வது அச்சுரப்பி. ஆகவே கதிர் வீசும் அயோடினைக் கொண்டு அதன் உழைப்பை அளக்கலாம் என்று பாஸ்டன் நகரில் ஹெர்ட்ஸ், ராபர்ட்ஸ், எவான்ஸ் ஆகியோர் முயல்களில் ஆராய்ந்து 1938இல் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய அயோடின் 25 நிமிடத்திற் பாதியாகத் தேய்வது. 8 நாளிற் பாதியாகும் அயோடின் 131, அதே 1938இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 1950இல் காசென் என்பவர் சுரப்பியின் வடிவையே தாளில் வரையும் கருவியை அமைத்தார். ஆயினும் இவை யாவும் ஹெவெசி வெட்டிய வாய்க்காலிற் பாய்ந்த நீரே.

இன்று பெரும்பாலும் டெக்னீசியம் என்னும் பொருளைச் சிறிதளவு நரம்பில் ஏற்றி, ஏறத்தாழ 20 நிமிடம் கழித்துப் படம் எடுக்கின்றனர். அது 6 மணி நேரத்திற் பாதியாகத் தேய்ந்துவிடும். சுரப்பி முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது கிரேவ்ஸ் நோய். ஒரு கட்டி மட்டும் ஒளிர்ந்து எஞ்சிய பகுதி மங்கினால், அக்கட்டியே மிகையாகச் சுரக்கிறது. சுரப்பி ஒளிராமலே இருந்தால், பெரும்பாலும் அழற்சியினால் முன்பே சேர்ந்திருந்த சுரப்பு கசிகிறது என்று பொருள். அந்நிலையில் சுரப்பை அடக்கும் மாத்திரையாற் பயனில்லை. மூன்றிற்கும் வெளி அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே, மருந்தோ வெவ்வேறு. அஞ்சிப் படத்தைத் தவிர்ப்பவர் தவறான மருந்தை மாதக் கணக்கில் உண்ண நேரலாம். கருவுற்ற மகளிருக்கு மட்டும் இது கூடாது. பாலூட்டும் தாய்மார் முன்னரே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். அயோடின் கலந்த மருந்தேற்றி அண்மையில் வேறு படம் எடுத்திருந்தால் அதனையும் மறைத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் 1956இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிற்று. 1963இல் பம்பாயிற் கதிரியக்க மருத்துவ மையம் தோன்றிற்று. நம் தமிழ் மக்கள் பலரும் டிராம்பேயிற் பணிபுரிந்துள்ளனர் என்பது நமக்கு மகிழ்வு தருவது.

2001இல் ஹெவெசியின் உடல் பிரைபர்க்கினின்று எடுத்துச் செல்லப்பெற்று, பிறந்த புடாபெஸ்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. நாடு நாடாக அலைந்தவர் முடிவில் தாய்மண்ணை அடைந்தார். சென்ற இடமெல்லாம் தம் உழைப்பின் சுவட்டை விட்டுச் சென்ற அப்பெரியாரை நாம் நன்றியுடன் நினைப்போம். நம் இல்லத்தில் எவரேனும் காரணமின்றி மெலிந்தால், கை நடுங்கினால், காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுவோம். படம் எடுக்கச் சொன்னால் அஞ்சாது செல்வோம்.