துருப்பிடியா உருக்குத் தந்த ஹரி பிரியர்லி

எம் வீடுகளில் எவர்சில்வர் என்று பெயர் பெற்றிருக்கும் பாத்திரத்தில் வெள்ளி சிறிதும் இல்லை. அது குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் கலந்த இரும்பே. நாள்தோறும் புளியும் உப்பும் பட்டும் அது கறுப்பதில்லை என்பதை நாம் வியப்பின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம். நூறாண்டுகளுக்கு முன்னரோ மேசைக் கத்தியை ஒவ்வொரு வேளையும் கழுவித் துடைத்துத் தேய்த்து வைக்காவிடில் அது மறுநாளே கறை படிந்து கிடக்கும். அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையான ஒருவரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக எம் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஹரி பிரியர்லி 1871 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் இங்கிலாந்தின் உருக்கு நகரான ஷெபீல்டிற் பிறந்தார். தந்தையார் மூசைகளில் உருக்கைக் காய்ச்சி வார்க்கும் தொழிலாளி. பிள்ளைகள் பலர், வீடோ மிகச் சிறியது. பன்னிரண்டாம் வயதிற் பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தையார் பணியாற்றிய தோமஸ் பேர்த் தொழிற்சாலையிற் சேர்ந்த சிறுவன், சிறிது காலத்தில் அங்கிருந்த இரசாயன ஆய்வுகூடத்திற் போத்தல் கழுவும் பையனானான்.

அவ்வாய்வுகூடத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜேம்ஸ் டெய்லர் என்பவர் அச்சிறுவனுக்கு எண்கணிதமும் அட்சரகணிதமும் கற்பித்தார். கைத்தொழில் நுட்பங்களையும் பழக்கினார். ஆசிரியத் தொழிலில் இருந்த எமக்கு இவ்வரலாற்றிலே மிகவும் பிடித்தவர் இந்த டெய்லர்தான் என்பதை ஒளிப்பானேன்! பகலில் ஆய்வுகூடமும் மாலையில் இரவுப் பள்ளியுமாக வளர்ந்த பிரியர்லி, உருக்கைப் பகுப்பாய்வதில் வல்லுநரானார். 1902 இல் இபொட்சன் என்பாருடன் இணைந்து அத்துறைக்கு ஒரு நூலும் எழுதினார். 1904 இல் அன்றைய உருசியப் பேரரசைச் சேர்ந்த ரீகா நகருக்குச் சென்று உருக்காலையிற் பணிபுரிந்தார். ஷெபீல்டுக்குத் திரும்பியபின், பேர்த், ஜோன் பிரவுண் ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக அமைத்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார்.

1912 இல் அவரிடம் வந்த வினா துருவைப் பற்றியதன்று. துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் வெடியின் வெம்மையால் விரைவில் தேய்ந்துபோவதைத் தடுக்க வழியுண்டா என்பதே அவ்வினா. குரோமியம் கூடிய உருக்கு வெம்மையை நன்கு தாங்கும் எனக் கருதி அவர் பல வார்ப்புகளைச் செய்து பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 ஆம் நாள் மின்னுலையில் வார்த்த ஒன்றில் 12.8 வீதம் குரோமியமும் 0.24 வீதம் காபனும் இருந்தன.

உலோகத்தின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியிற் காண வேண்டுமாயின், அதன் முகத்தைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, நைத்திரிக்கமிலம் கலந்த திரவத்தாற் சிறிது அரிக்கச் செய்தல் வேண்டும். அப்போதுதான் உலோக மணிகளின் எல்லைகள் கண்ணுக்குத் தெரியும். இவ்வுருக்கை அமிலம் தீண்டவில்லை. பிறிதொருவராயின் மாதிரி பழுதென்று எறிந்திருத்தல் கூடும். பிரியர்லி அத்தடையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். வினாகிரி, எலுமிச்சைச் சாறு முதலிய உணவுப் புளிப்புகளுக்கும் அது அசையாமை கண்டு, இது கத்திக்கு உரிய உருக்கு என்று துணிந்தார். குப்பைக் குவியலிற் பளபளத்துக் கிடந்த துண்டைத் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்று வழங்கும் கதை சுவையானதே. ஆயினும் கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம் ஆய்வுமேசைதான்.

காரணத்தையும் கூறுதல் நன்று. நாம் ஊரிற் கற்பித்த நாளில், ஈரமும் காற்றும் பட்ட ஆணி துருவேறுவதைப் பரிசோதனைக் குழாயிற் காட்டுவதுண்டு. இரும்பின் துரு உதிரும். அடியிலுள்ள இரும்பு மீண்டும் வெளிப்பட்டு அரிபடும். குரோமியமோ ஒட்சிசனுடன் கூடிச் சில நனோமீற்றர் தடிப்பே உடைய இறுகிய படலமாகின்றது. கீறினாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். ஆனால் காபன் குரோமியத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டால் அக்காவல் குன்றும். ஆகவே ஒரே வார்ப்புத் துண்டு, சூடேற்றிச் சடுதியிற் குளிர்வித்தால் அமிலத்தை எதிர்க்கும். மெல்ல ஆறவிட்டால் அரிபடும். கலவை மட்டுமன்றி அதைப் பக்குவஞ்செய்யும் முறையும் காவலைத் தீர்மானிக்கின்றது என்பதைப் பிரியர்லி கண்டார்.

இதை உணராத கத்தித் தொழிலாளர் பழைய முறையிலேயே அடித்தும் தோய்த்தும் தோற்றனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர் அவரை நகையாடிற்று. அவருடைய நிறுவனமும் ஆர்வங் காட்டவில்லை. 1914 இல் மொஸ்லி கத்தித் தொழிற்சாலையின் முகாமையாளர் ஏர்ணெஸ்ட் ஸ்ருவேட் அவ்வுருக்கை ஏற்றார். முதல் முயற்சிகளில் அவருடைய கருவிகளே பழுதாயின. பிரியர்லி அருகில் நின்று வெப்பநிலையை நெறிப்படுத்திய பின்னரே நல்ல கத்தி பிறந்தது. கறைபடாதது என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரை இட்டவரும் ஸ்ருவேட்டே.

பயன் தெரிந்ததும் உரிமைப் பிணக்கு எழுந்தது. கண்டுபிடிப்பு முழுவதும் தமதே என நிறுவனத்தார் கருதினர். தமக்கும் பங்குண்டு என்றார் பிரியர்லி. பதவியைத் துறந்து, 1915 இல் பிரவுண் பெய்லி தொழிற்சாலைக்குச் சென்றார். அமெரிக்காவில் 1916 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அங்கே எல்வூட் ஹேய்ன்ஸ் என்பாரும் உரிமை கோரினார். இறுதியில் இருவர் உரிமைகளும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. செருமனியிலே குருப் நிறுவனத்தார் நிக்கலும் சேர்ந்த உருக்குக்கு 1912 இலேயே காப்புரிமை கோரியிருந்தனர். எனவே ஒருவரையே தந்தை என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. கத்திக்குரிய கடின உருக்கைப் பொறுத்தவரை அப்பெருமை பிரியர்லிக்கே உரியது என்பது எம் துணிபு.

1920 இல் அவருக்குப் பெசமர் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. 1930 இல் சுவீடனின் அவெஸ்தா ஆலையார், இருவகைப் பளிங்கமைப்பும் ஏறத்தாழச் சரிபாதியாக அமையும் இரட்டைக்கட்ட உருக்கு வகைக்கு வழிதிறந்தனர். காகித ஆலைகளின் கடும் அமிலக் கரைசல்களில், மணிகளின் எல்லைவழியே பரவும் அரிப்பைக் குறைத்தலே அவர்தம் நோக்கம். இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலும் அவ்வகை பயன்படுகின்றது.

முதுமையில் பிரியர்லி தம் வரலாற்றை எழுதி, முடிச்சிட்ட கயிறு எனப் பொருள்படும் பெயருடன் 1941 இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஷெபீல்டில் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். 1948 இல் தென்கடற்கரை நகரான டோர்க்கேயிற் காலமானார்.