நம்ம ஊர்ப் பேரரசர் மார்த்தாண்ட வர்மர்



சீனாவில் கி.மு. 221இல் சின் ஷி ஹுவாங் என்ற பேரரசர் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடுகளை எல்லாம் வென்று ஒரே நாடாக்கினார் என்று படித்தேன். உடனே எனக்கு நம்ம மார்த்தாண்ட வர்மர் ஞாபகம்தான் வந்தது. அவரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1706இல் பிறந்தார். அப்போது நம்ம பகுதி வேணாடு என்ற சின்ன நாட்டில் இருந்தது. அந்த அரச குடும்பத்தில் ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, மருமகனுக்குத்தான். அதனால் மாமா ராம வர்மருக்குப் பிறகு 1729இல் இவர் அரசரானார். மாமாவின் மகன்களான தம்பிமாருக்கு அது பொறுக்கவில்லை. எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற செல்வாக்கான ஆட்களும் இவருக்கு எதிராக நின்றார்கள். உயிருக்குப் பயந்து நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் இவர் ஒளிந்திருந்தார் என்று சொல்வார்கள். பின்னால் தம்பிமாரையும் பிள்ளைமாரையும் ஒழித்துவிட்டார்.

1741இல் மிளகு வியாபாரத்துக்காக டச்சுக்காரர்கள் படையோடு குளச்சலில் வந்து இறங்கினார்கள். ராஜாவின் படை அவர்களை வளைத்தது. டச்சுக்காரர் முகாமில் வெடிமருந்து தீப்பிடித்து, வைத்திருந்த அரிசி எல்லாம் எரிந்துபோனது. ஆகஸ்ட் மாதம் அவர்கள் தோற்றார்கள். பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியை ராஜா கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கொச்சிக்குப் பக்கம் வரை நாட்டைப் பெரிதாக்கினார். 1750இல் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆண்டார். கல்குளம் அரண்மனையைப் புதுப்பித்து அந்த ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தார். 1758இல் இறந்தார்.

இனி என் மனதை உறுத்தும் ஒரு காரியம். பிள்ளைமாரைக் கொன்ற பிறகு, அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களுக்கு விற்றுவிட்டதாக வரலாற்று நூல்களில் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவர்கள் செய்த குற்றத்துக்குச் சின்னப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இன்னொன்று, எங்க வீடும் கடல்தொழில் செய்கிற வீடுதான். எங்களோடு வந்து வாழ்வது அவ்வளவு பெரிய தண்டனையா?

குளச்சல் சண்டையில் கடப்புறத்து ஆட்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றதும், தூரத்தில் கப்பலில் இருந்தவர்கள் அதைத் துப்பாக்கி என்று நினைத்துப் பயந்ததும் எங்க பாட்டா சொல்லும் கதை. பிள்ளைமார் குடும்பத்துக்கு அப்படி நடந்து கொஞ்ச வருஷத்துக்குள் நடந்த சண்டை அது. யாரிடம் கொடுப்பதையே அவமானம் என்று நினைத்தார்களோ, அவர்கள்தான் நாட்டுக்காக நின்றார்கள்.

நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா வலை பொத்திக்கொண்டே பேசாமல் இருந்தார். பாட்டாதான் பதில் சொன்னார். அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நம்ம ஆட்கள் பட்டினி போட்டிருக்க மாட்டார்கள், கிடைத்த மீனில் அவர்களுக்கும் ஒரு பங்கு வைத்திருப்பார்கள் என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சின் ஷி ஹுவாங்கும் பெரிய காரியங்கள் செய்தார், கொடுமையும் செய்தார். நம்ம ராஜாவும் அப்படித்தான். நல்லதை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறுதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போகிறவர்கள் அப்படியே குளச்சலுக்கும் போய்க் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணைப் பாருங்கள். துடுப்புப் பிடித்த கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி