பத்துப் படிகள்

கணித மேதை இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர். வருமானம் போதாததால், கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்தனர். அம்மாணவர்கள் அறிந்த கணிதம் முழுவதையும் இராமானுஜன் பதினொரு வயதுக்குள் கற்று முடித்தார்.

1903இல் கார் என்பவர் எழுதிய நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. கார், மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்திய ஆங்கிலேயத் தனிப்பயிற்சி ஆசிரியர். நூலில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் இருந்தன. விளக்கமோ மிகக் குறைவு. இராமானுஜன் அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்தார். முடிவை மட்டும் எழுதும் பழக்கமும் அந்நூலிலிருந்து அவரிடம் ஒட்டிக்கொண்டது. தாள் வாங்கவும் பணமில்லை. கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவார்.

பிற பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரித் தேர்வில் தோற்றார். பட்டமில்லை, வேலையுமில்லை. கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முயன்றார். அதுவும் கைகூடவில்லை. பி.ஏ. தேர்வுக்கு நுண்கணிதம் கற்க வந்த ஒருவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார். தேர்வுப் பாடத்தை விட்டுவிட்டு, இராமானுஜன் முடிவிலியைப் பற்றியே பேசினாராம்!

ஓர் எண்ணின் மும்மடங்குடன் 5ஐக் கூட்டினால் 20. அந்த எண் எது? கெட்டிக்கார மாணவர் உடனே 5 என்பார். 20இலிருந்து 5ஐக் கழித்து, எஞ்சும் 15ஐ 3ஆல் வகுக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், பக்கத்தில் திணறும் நண்பருக்கு அது வெறும் மாயவித்தைதான். தெலுக் பங்லிமா காராங் வகுப்பறையிலும் இதைக் காணலாம்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுஜன் எழுத்தரானார். அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், முன்பு கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு பலகையுடன் அமர்ந்து கணக்குப் போடுவர். இராமானுஜனின் தாவல்களை அவராலேயே பின்தொடர முடியவில்லை. தமக்குப் புரியவில்லை என்று சொல்ல அந்த மேலதிகாரி கூச்சப்படவில்லை. தம் நிலைக்கு இறங்கி வந்து, இரண்டு வரிகளுக்கிடையே பத்துப் படிகளாவது எழுதுமாறு வற்புறுத்தினார். இவ்வளவு தெளிவானதை ஏன் விளக்க வேண்டும் என்று இராமானுஜன் வியந்தார். தமக்கே புரியாதது பிறருக்கு எப்படிப் புரியும் என்று ஐயர் விடாமல் கேட்டார்.

1913இல் இராமானுஜன் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டியும் நிரூபணங்களைத்தான் கேட்டார். மறு ஆண்டு இராமானுஜன் இங்கிலாந்து சென்றார். அவருடைய தன்னம்பிக்கை குலையாதவாறு, நிரூபிக்கும் முறையை ஹார்டி பக்குவமாகக் கற்பித்தார். 1918இல் இராமானுஜன் அரச கழக உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் விடுபட்ட படிகளை அமெரிக்கக் கணிதவியலர் புரூஸ் பெர்ன்ட் பிற அறிஞர்களின் துணையுடன் நிரப்பினார். 1985 முதல் 1998 வரை வெளிவந்த அந்நூல் ஐந்து தொகுதிகளைக் கொண்டது.