32 வயதில் தமிழ் படிக்கச் சேர்ந்தவர்

எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகள் எங்கள் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எந்தத் துறையை எடுப்பது? தவறாக எடுத்துவிட்டால் படிப்பு வீணாகிவிடாதா? பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்கும் அந்தப் பயம் உண்டு. அப்போதெல்லாம் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையை நினைத்துக் கொள்வேன்.

அவர் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் உள்ள கரம்பொன்னில் பிறந்தார். பள்ளிக் கல்வி ஆங்கிலத்தில் அமைந்தது. கத்தோலிக்கக் குருவாக விரும்பி, கொழும்பிலும் பின்னர் ரோமிலும் பயின்றார். இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் கைவந்தன. தாய்மொழி இலக்கியத்தை மட்டும் முறையாகக் கற்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது அந்தக் குறை அவரை உறுத்தியது. ஒரு பண்டிதரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். 1945இல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். ஏற்கெனவே முனைவரான ஒருவர் மீண்டும் வகுப்பில் அமர்ந்தார். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தார். பிறகு இலண்டனில் கல்வியியலில் இன்னொரு முனைவர் பட்டமும் பெற்றார்.

முதலில் படித்தது வீணானதா? இல்லை. ஐரோப்பிய மொழிகள் தெரிந்ததால்தான் அங்குள்ள நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேட முடிந்தது. 1679இல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடக்க முன்னின்றார். 1980இல் மறைந்தார்.

பிடிபிடிஎன் கடனில் படிக்கும் நம்மில் பலருக்கு அவரைப்போல் மீண்டும் மீண்டும் பட்டப்படிப்பில் சேர வசதி இருக்காது. ஆனால், முதன்மைத் துறையோடு விருப்பப் பாடங்களும் நமக்கு உண்டு. நேரம் ஒத்துவருகிறது, தேர்வு எளிது என்று அவற்றை நிரப்பிவிடாதீர்கள். கணக்கியல் எடுப்பவர் ஒரு மொழியைக் கற்கலாம். தமிழ் எடுப்பவர் கணினியோ புள்ளியியலோ கற்கலாம். துறையைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதோடு எதைச் சேர்த்துப் படிக்கப் போகிறோம் என்பதையும் எழுதி வையுங்கள்.