தம்மை மறைத்து மருந்தை ஈந்தவர்

நோய் ஒன்று உண்டெனில் அதற்குரிய மருந்தும் இறைவன் படைப்பில் உண்டு என்பது நம் நம்பிக்கை. அம்மருந்தைத் தேடிக் காண்பது மனிதனின் கடமை. அக்கடமைக்கே தம் வாழ்நாளை ஈந்தவர் டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ். உடையார்பாளையம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச் சத்துடன் சேர்த்து வழங்கப்பெறும் போலிக் அமில மாத்திரைக்குப் பின்னே அவருடைய உழைப்பு இருக்கிறது. மாத்திரையை அறிந்தோர் பலர். அவரை அறிந்தோர் சிலரே.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வென்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். விடுதலை வேட்கையால் கதராடை அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது.

இதனினும் பெரிய இடி அவர் இல்லத்தில் விழுந்தது. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது, குருதி குன்றி, மெலிந்து மாளச் செய்யும் 'ஸ்புரூ' என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவர் சில நாள்களுக்குள் பலியாயினர். அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசந்த லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தெழுந்தார். பிழைத்தவர் உள்ளத்தில் அந்நோயின் காரணம் யாது என்னும் வினா நிலைத்துவிட்டது.

காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றின் துணையும் மாமனாரின் பொருளுதவியும் கொண்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியம். சைரஸ் பிஸ்கே என்னும் அறிஞருடன் இணைந்து, உடலில் பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் முறையை 1925-இல் வெளியிட்டார். பிஸ்கே–சுப்பாராவ் முறை எனும் பெயரால் அது உலகெங்கும் பரவியது. தசை இயங்குதற்கு ஆற்றல் அளிக்கும் பொருள்களாகிய பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் பற்றிய முன்னோடி ஆய்வுகளும் அவ்விருவருடையவை. 1930-இல் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை.

1940-இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவர் நகரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். பழைய வினாவுக்கு அங்கேதான் விடை கிடைத்தது. ஈரலில் மிக நுண்ணிய அளவில் அடங்கியிருந்த போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியை அவர் தலைமையிலான குழு 1945-இல் கண்டது. புதிய குருதியணுக்கள் உருவாதற்கு இன்றியமையாத இச்சத்து, ஸ்புரூ நோயாளரின் குருதிச் சோகையைத் தணித்தது. உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர், பிறர் உடன்பிறந்தாரைக் காத்தார்.

அவர் அத்துடன் நின்றாரல்லர். அணுக்கள் பெருகுதற்குப் போலிக் அமிலம் வேண்டுமெனில், கட்டின்றிப் பெருகும் புற்றணுக்களுக்கு அதைக் கிட்டாமற் செய்தால் என்ன? இவ்வெண்ணத்தின் வழியே அவர் குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அளித்தார். சிலரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் தொடக்கப் படிகளுள் ஒன்று அது. அவ்வழியில் தோன்றிய மெத்தோடிரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வழங்கப்பெறும் டி.இ.சி. மாத்திரையும், டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுள் முதலாவதாகிய ஆரியோமைசினும் அவர் நெறிப்படுத்திய ஆய்வுக்கூடத்தின் கொடைகளே.

இத்தனைக்கும் அவர் தந்த விலை பெரிது. மனைவியை இந்தியாவில் விட்டுச் சென்றவர் மீண்டும் தாயகம் திரும்பவேயில்லை. அவர் அயல்நாட்டில் இருந்தபோதே மகன் கைக்குழந்தையாய் மறைந்தான். வெற்றிகளை அறிவிக்கும் மேடைகளிலோ உடன் உழைத்தோரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றார். 1948 ஆகஸ்டில், தம் 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய நூற்றாண்டாகிய 1995-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

தேர்வில் தோற்றதால் அவர் கல்வியைக் கைவிடவில்லை. பட்டம் குறைந்ததால் அறிவு குறையவுமில்லை. மாணவர்கள் இதை மனத்திற்கொள்க. அறக்கட்டளை ஒன்று ஓர் ஏழை மாணவனின் பயணத்துக்கு ஈந்த பொருள், எண்ணற்ற உயிர்களுக்கு மருந்தாய் மாறியது. சமுதாயப் பெரியோர்கள் இதை நினைவிற்கொள்க. கல்விக்கு ஈயும் கொடை எங்கே, எவ்வுருவில் கனியும் என்பதை ஈந்தோர் அறியார்; இறைவன் ஒருவனே அறிவான்.