பேராசிரியர் கோபித்துக்கொண்டாரா?

குழந்தைகளே! வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் போனால் ஊரீஸ் கல்லூரியைப் பார்க்கலாம். ஆசிரியர் தினம் யார் பிறந்த நாள்? டாக்டர் ராதாகிருஷ்ணன்! திருத்தணியில் 1888-ல் பிறந்த அவர், எப்.ஏ. படித்தது இந்தக் கல்லூரியில்தான்.

பிறகு 16 வயதில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். ஏழைக் குடும்பம், உதவித்தொகையில்தான் படிப்பு. புத்தகம் வாங்கக் காசில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர், தமது பழைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். அதனால் ராதாகிருஷ்ணனும் தத்துவமே எடுத்துக்கொண்டார். இலவசமாகக் கிடைத்த புத்தகம் ஒருவருடைய பாடத்தையே முடிவு செய்துவிட்டது, பார்த்தீர்களா!

வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமே இல்லை என்று அந்நாளில் சிலர் குறை கூறி வந்தனர். அது அவர் மனதைத் தைத்தது. சண்டைக்குப் போகவில்லை, மூல நூல்களைத் தேடிப் படித்தார். எம்.ஏ. பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையையே அதற்குப் பதிலாக எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. அவருடைய பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், கிறிஸ்தவ இறையியல் அறிஞர் ஆயிற்றே, கோபித்துக்கொள்வாரோ?

ஹாக் கோபிக்கவில்லை. மாணவர் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்று மனமாரப் பாராட்டினார். அந்தக் கட்டுரை 1908-ல் புத்தகமாகவே வெளிவந்தது. ராதாகிருஷ்ணனுக்கு அப்போது வயது 20. மறு வருடமே சென்னை மாநிலக் கல்லூரியில், அதே தத்துவத்தைச் சொல்லிக்கொடுக்க வகுப்பறைக்குள் நுழைந்தார்.