தொலைபேசி இரைச்சலை அடக்கிய முறுக்குக் கம்பி: கிரகாம் பெல்லின் இன்னொரு கண்டுபிடிப்பு

தொழிற்சாலையில் மோட்டார் டிரைவ் பேனலைத் திறந்து பார்த்தால், சிக்னல் ஒயர்கள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அழகுக்காக அல்ல. போகும் ஒயரும் திரும்பும் ஒயரும் பிரியாமல் சேர்ந்தே ஓடணும் என்பதற்காகத்தான். இந்த முறைக்கு 1881-ல் காப்புரிமை வாங்கியவர், தொலைபேசிக்காகப் பள்ளியில் நாம் படித்த அதே அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1847 மார்ச் 3-ல் பிறந்தார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். சகோதரர்கள் இருவரையும் காசநோய் கொண்டுபோனது. மிஞ்சிய ஒரே மகனோடு குடும்பம் 1870-ல் கனடாவுக்குக் கப்பலேறியது. அடுத்த வருஷமே பெல், அமெரிக்காவின் பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். தன்னிடம் படித்த மேபல் ஹப்பார்டைப் பிறகு மணந்தார். சைகை மொழியை விட்டு வாயால் பேசப் பழகணும் என்று அவர் பிடிவாதம் பிடித்தது, காது கேளாதோரிடம் இன்றும் ஆறாத வருத்தம்.

1876 மார்ச் 7-ல் தொலைபேசிக் காப்புரிமை கிடைத்தது. முதலில் கண்டுபிடித்தது யார் என்ற வழக்குகள் தனிக்கதை.

தொலைபேசி தெருவுக்கு வந்ததும் தலைவலியும் வந்தது. அன்றைய இணைப்புக்கு ஒரே ஒரு இரும்புக் கம்பிதான். மின்னோட்டம் கம்பியில் போகும், பூமி வழியாகத் திரும்பும். 1838-ல் ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல் தந்திக்குக் காட்டிய சிக்கன வழி அது; பாதிக் கம்பி மிச்சம். தந்திக்கு அது போதும். ஆனா தொலைபேசியின் காது ரொம்பக் கூர்மை. பக்கத்துத் தந்திக் கம்பியின் டக் டக்கும், அடுத்த இணைப்பில் பேசுபவரின் குரலும் சேர்ந்தே கேட்டன.

ஏன் அப்படி? மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாகணும். போகும் வழி கம்பத்தின் மேல், வரும் வழி மண்ணுக்குள் என்றால், நடுவே உள்ள இடைவெளி விரித்த வலை மாதிரி. அக்கம்பக்கத்துக் கம்பிகளின் காந்தப்புலம் அதில் சிக்கிவிடும். போதாததற்கு, பூமி எல்லாருக்கும் பொது வழி.

பெல் பூமியையே விட்டுவிட்டார். திரும்புவதற்கும் ஒரு கம்பி போட்டு, இரண்டையும் முறுக்கினார். வெளித் தொந்தரவு இரண்டிலும் ஒரே அளவில் விழும். ரிசீவரில் ஒன்றை ஒன்று அடித்துவிடும். இதே போலச் சமன்செய்யும் சுருள்களோடுதான் அதே வருஷம், சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடினார். அது பலிக்கவில்லை.

கம்பெனிகள் உடனே மாறவில்லை. கம்பிச் செலவு இரட்டிப்பாகுமே! நெருக்கடி கொடுத்தது மின்சார டிராம். 1888-ல் ரிச்மண்ட் நகரில் வெற்றிகரமாக ஓடிய பிறகு, அது ஊர் ஊராகப் பரவியது. டிராம் மோட்டார்களின் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது மண்ணிலும் கசிந்து, ஒற்றைக் கம்பித் தொலைபேசிகளில் உறுமியது. இரட்டைக் கம்பியைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

இன்றைய டிரைவ் போர்டிலும் அதே தகராறுதான். டிரைவ் மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் எர்த்துக்குக் கசியும். ஒரு ஒயரை மிச்சம்பிடிக்க நினைத்து சென்சாரின் ரிட்டர்னையும் அந்த எர்த்திலேயே சேர்த்தால், கசிவும் சிக்னலும் கலந்துவிடும். போர்டு வேகத்தைத் தப்பாகப் படிக்கும். மோட்டார் உதறும், இல்லாவிட்டால் டிரைவ் ட்ரிப் ஆகும். அதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடக் கூடாது. அது ஆள் உயிரைக் காக்க இருக்கிறது. சிக்னல் திரும்ப அதற்கென்று தனி ஒயர் வேண்டும்.

கடைசிக் காலத்தைப் பெல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பட்டம், விமானம், நீரைத் தொட்டுப் பறக்கும் படகு என்று கழித்தார். தன் படிப்பறையில் தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை. 1922 ஆகஸ்ட் 2-ல் இறந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கப்பட்டன.